வளையம் போடாத மரங்கள்

மரத்தின் வயதை வளையம் எண்ணிச் சொல்லும் கலைக்கு ஒரு தலைநகரம் உண்டென்றால் அது அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள டூசன் நகரம்தான். ஏ. ஈ. டக்ளஸ் என்ற வானியலாளர் 1937-ல் தொடங்கிய மர வளைய ஆய்வுக்கூடம் இங்குள்ள அரிசோனா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கம் மரக்கட்டையில் பதிந்திருக்குமா என்று தேடப் போன மனிதர் அவர். 1929-ல் ஷோ லோ என்ற சிற்றூரில் கிடைத்த கருகிய உத்தரத் துண்டு ஒன்று, அவருடைய வளையக் கணக்கில் நடுவே விழுந்திருந்த இடைவெளியை அடைத்தது. அதன் பிறகு தென்மேற்கு அமெரிக்கப் பூர்வகுடிகளின் பழைய கல்வீடுகள் எந்த ஆண்டு கட்டப்பட்டவை என்றே சொல்ல முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கில் நிற்கும் சவாரோ என்னும் தூண் வடிவக் கேக்டஸ்களில் ஒன்றில்கூட வயதைச் சொல்லும்படியான வளையம் கிடையாது. டக்ளஸுக்கு உதவியவை மலைநாட்டுப் பைன் மரங்கள். டூசனிலிருந்து லெமன் மலைக்கு ஒரு மணி நேரம் காரில் ஏறினால் அந்தப் பைன்களைப் பார்க்கலாம். கீழே நிற்கும் கூட்டம் வேறு சாதி. அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் மார்ச் மாதத்தில் போனேன். டூசனில் தொடங்கி மேற்கே கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனம் வரை பயணம். பீனிக்ஸில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்து நண்பர் ஒருவர் காரோட்டினார்.

சவாரோவை நம் ஊர் சதுரக்கள்ளி, திருகுகள்ளியோடு சேர்த்து நினைக்கக் கூடாது. அவை ஆமணக்குக் குடும்பம். கிள்ளினால் பால் வடியும். சவாரோ கேக்டஸ் குடும்பம், பால் கிடையாது. அந்தக் குடும்பத்தில் நமக்குப் பழக்கமான ஆள் சப்பாத்திக்கள்ளி. அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் தரிசுகளில் குடியேறியதுதான்.

சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதியில் பாதையோரம் செத்துப்போன ஒன்று நின்றிருந்தது. சதை முழுக்க அழுகி வடிந்து, தோல் உரிந்து விழுந்துவிட்டது. மிச்சம் நின்றவை சாம்பல் நிறத்தில் நீள நீளமான கம்புகள். அடியில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஆளுயரத்துக்கு மேலே தனித்தனியாகப் பிரிந்து ஆகாயத்தைப் பார்த்து விரிந்திருந்தன. நடுவே ஒன்றுமில்லை, எட்டிப் பார்த்தால் மறுபக்கத்து மலை தெரிந்தது. உயிரோடு நிற்கும்போது பச்சைத் தூணாகத் தெரிகிற இதற்குள் மரம் இருப்பதே செத்த பிறகுதான் வெளியே தெரிகிறது. பூங்காவில் எதையும் எடுக்கக் கூடாது என்பதால் பார்வையாளர் மையத்தில் தொட்டுப் பார்க்க ஒரு கம்பு வைத்திருந்தார்கள். கட்டைவிரல் பருமன்; நேரான நார்; தூக்கினால் கையில் கனமே இல்லை.

வேம்போ பூவரசோ எப்படிப் பருக்கிறது? பட்டைக்கு அடியில் கேம்பியம் என்ற மெல்லிய உயிரடுக்கு ஒன்று மரத்தைச் சுற்றி இருக்கிறது. அது உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டைக்கான திசுவையும் அடுக்கிக்கொண்டே போகிறது. உள்ளே போன கட்டை செத்து, இறுகி, வைரம் பாய்கிறது. தண்டு பருக்கப் பருக்க மேல்தோல் கிழிகிறது. தக்கை உருவாகி அந்த இடத்தை மூடுகிறது. நமக்கு இது இயல்பாகத் தெரிகிறது. பாலைவனத்துச் செடிக்கோ இரண்டுமே இடைஞ்சல். தண்டு முழுக்கக் கட்டையானால் தண்ணீரை எங்கே வைப்பது? இலையே இல்லாமல் தண்டின் தோலால் சமைத்துச் சாப்பிடுகிற செடி, அந்தத் தோலைத் தக்கையால் மூடிக்கொண்டால் வெயில் எப்படி உள்ளே போகும்?

சவாரோவிலும் கேம்பியம் இருக்கிறது. ஆனால் அது சுற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில இடங்களில் மட்டும் கெட்டியான கட்டையைப் போடுகிறது. இடைப்பட்ட இடங்களில் அகலமான மென்திசுவைப் போடுகிறது. கெட்டியான இடங்கள் கம்புகளாகின்றன. நடுவில் சதை, கம்புகளுக்கு வெளியே இன்னும் தடித்த சதை, அதற்கும் வெளியே பச்சைத் தோல். அந்தத் தோல் பல பத்தாண்டுகள் உயிரோடு இருந்து, தண்டு பருக்கும்போது தானும் செல் பிரிந்து ஈடுகொடுக்கிறது. தக்கை மிகத் தாமதமாக, பெரும்பாலும் அடிப்பகுதியில்தான் வருகிறது. தோல் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருப்பதால் மழைக்குப் பிறகு ஆர்மோனியத் துருத்திபோல விரிகிறது, வறட்சியில் சுருங்குகிறது. வேர்கள் பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே, செடியின் உயரத்துக்குச் சமமான தூரம்வரை பரவியிருக்கின்றன. அதனால் ஒரே மழையில் குடிப்பதைக் குடித்துவிட முடிகிறது. டூசனின் துமாமோக் குன்றில் 1903-ல் கார்னகி நிறுவனம் ஒரு பாலைவன ஆய்வுக்கூடம் அமைத்தது. அந்தக் காலத்து டூசனில் எஃபி ஸ்பால்டிங் என்ற பெண் தாவரவியலாளர் இந்த மடிப்புகள் விரிவதையும் சுருங்குவதையும் அளந்து 1905-ல் கட்டுரை வெளியிட்டார். டன் கணக்கில் எடையுள்ள ஒரு தூண் உப்பி ஒடுங்கும்போது உள்ளேயிருக்கும் எலும்பு அதைத் தடுக்காமலும் இருக்கவேண்டும், தாங்கவும் வேண்டும். கம்புகள் தனித்தனியாக இருப்பதன் காரியம் அதுதான்.

நுண்ணோக்கியில் இதைவிட விசித்திரமான விஷயங்கள் தெரிகின்றன. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மாசெத் கேக்டஸ்களின் உள்ளமைப்பை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவருடைய ஆய்வுகளின்படி, குட்டையான, உருண்டை வடிவக் கேக்டஸ்கள் பலவற்றின் கட்டையில் நாரே இல்லை. உயரமாக நிற்கவேண்டிய அவசியம் இல்லாதபோது நார் எதற்கு? அதற்குப் பதிலாக அவற்றில் தனி வகை நீர்க்குழல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழலின் உள்சுவரிலும் வளையம் வளையமாகத் தடித்த பட்டைகள். பட்டைகளுக்கு இடையே மெல்லிய சவ்வு. தண்ணீர் குறையும்போது சவ்வு உள்வாங்குகிறது, குழலின் கொள்ளளவு சிறுக்கிறது. பட்டைகள் குழலை நசுங்கவிடாமல் தாங்குகின்றன. விறைப்பான குழலாக இருந்தால் தண்ணீர் குறைந்த இடத்தில் காற்றுக்குமிழி புகுந்து ஓட்டமே நின்றுபோகும். கேக்டஸின் தடித்த வெளிச்சதைக்குள்ளும் நரம்புகள் பின்னிக்கிடக்கின்றன. இலையின் வேலையைத் தண்டு ஏற்றுக்கொண்டபோது இலை நரம்பின் வேலையும் சேர்ந்தே வந்துவிட்டது.

கம்புக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சதையில்தான் கீலா மரங்கொத்தி பொந்து போடுகிறது. போட்டதும் குடிபுகாது. செடி தன் காயத்தைச் சுற்றிக் கெட்டியான ஓடு ஒன்றை உருவாக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். சவாரோ செத்துச் சதை போன பிறகும் அந்த ஓடு அப்படியே கிடக்கும். பூட்ஸ் போன்ற வடிவத்தில் இருப்பதால் இங்கே அதற்குச் சவாரோ பூட் என்று பெயர். இப்பகுதிப் பூர்வகுடிகளான தோஹோனோ ஓதாம் மக்கள் அதைப் பாத்திரமாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பும் வேண்டியதுதான். ஜூன் கடைசியில், மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், சவாரோ உச்சியில் பழம் பழுக்கும். அதைத் தட்டி இறக்கும் துரட்டியின் கோலே செத்த சவாரோவின் கம்புதான். இரண்டைச் சேர்த்துக் கட்டி நீளமாக்கி, நுனியில் குறுக்குக் குச்சி வைத்துக்கொள்கிறார்கள். பன்னிரண்டு மீட்டர் உயரத்துப் பழத்தைப் பறிக்க அதே உயரத்துக்கு வளர்ந்த ஒன்றின் எலும்பு! டூசனின் பழைய மண்வீடுகளில் உத்தரங்களுக்கு மேலே வரிசையாக அடுக்கியிருப்பதும் இந்தக் கம்புகளைத்தான். எண்ணெய் பார்க்காத, வண்ணம் பார்க்காத அந்தக் கூரைகள் இன்னும் நிற்கின்றன.

சரி, வளையம் இல்லாமல் வயதை எப்படிச் சொல்வது? நெடுங்காலம் உயரத்தை வைத்துத்தான் மதிப்பிட்டார்கள். முளைத்து எட்டு ஆண்டுகள் ஆனாலும் ஒன்றரை அங்குலத்தைத் தாண்டாது. முதல் கை, அதாவது பக்கக்கிளை, முளைக்க ஐம்பது முதல் நூறு ஆண்டுகள் ஆகும். அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2007-ல் வேறு வழி காட்டினார்கள். முள் உச்சியில்தான் உருவாகிறது. உருவாகி முடிந்ததும் செத்துவிடுகிறது, அதற்குப் பிறகு மாறுவதில்லை. ஆகவே அடியிலிருந்து நுனிவரை முட்களின் வரிசையே ஒரு நாட்குறிப்பு. அவற்றிலுள்ள ஆக்சிஜன், கார்பன் ஐசோடோப்புகளில் மழையும் வறட்சியும் பதிந்திருக்கின்றன. 1950கள், 60களின் அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14, எந்த முள் எந்த ஆண்டினது என்று அடையாளம் வைத்திருக்கிறது. மனிதன் வானத்தில் செய்த அக்கிரமம் கள்ளிமுள்ளில் கணக்காக நிற்கிறது.

பல்கலைக்கழக வளாகத்திலேயே இன்னொரு விசித்திரத்தைப் பார்க்கலாம். பூஜம் மரம். மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாதான் இதன் தாயகம். அடி பெருத்து நுனி சிறுத்த வெளிறிய தண்டு, பக்கங்களில் சுள்ளி சுள்ளியாகக் கிளைகள். மரத்தை வரையத் தெரியாத குழந்தை வரைந்தது என்று சொன்னால் நம்பலாம். பாலைவன ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த காட்ஃபிரே சைக்ஸ் 1922-ல் தொலைநோக்கி வழியே இதைப் பார்த்ததும், லூயிஸ் கரோலின் வேடிக்கைக் கவிதையில் வரும் இனம் தெரியாத பூதத்தின் பெயரை வைத்துவிட்டார். தண்டுக்குள் பெரும்பகுதி தண்ணீர் தேக்கும் சதை. கட்டை அதைச் சுற்றி மெல்லிய வலைக்கூடாக மட்டும் இருக்கிறது. இந்த எலும்போடு பதினைந்து மீட்டருக்கு மேலும் வளர்கிறது. என் கணக்கில் சவாரோவைவிட இதுதான் துணிச்சலான கட்டுமானம். ஆனால் அஞ்சலட்டையில் வருவது என்னவோ சவாரோதான்.

நகரத்தைத் தாண்டியதும் சாலையோரம் ஓடைக்கரையில் ஒரு மரத்தைக் காட்டி நண்பர், "ஏப்பா, இது நம்ம வேலிக்கருவைல்ல!" என்றார். கிட்டத்தட்டச் சரி. அது மெஸ்கீட்; சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். ராமநாதபுரத்தில் கண்மாயைத் தின்கிறது என்று ஏசப்பட்டு, கரிமூட்டத்தில் போகிற மரம் இங்கே பூர்வகுடிகளுக்கு நெற்று தருவது. இறைச்சி வாட்டுவதற்கான உயர்தர விறகாகச் சூப்பர் மார்க்கெட்டில் பையில் போட்டு விற்கப்படுவது. நண்பர் விலையைப் பார்த்துவிட்டு ஊரில் இருக்கும் தன் தம்பியை நினைத்துக்கொண்டார்.

பாலைவனம் என்றாலே தண்ணீரைத் தேக்கும் மென்தண்டுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே நிற்கிறது அயர்ன்வுட். அவரைக் குடும்பம். கட்டை அவ்வளவு கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். வெட்டினால் வெளியே கொஞ்சம் வெள்ளை, உள்ளே முழுக்கக் கரும்பழுப்பு வைரம். சொட்டுத் தண்ணீரையும் தேக்காமல், நீரோட்டத்தை நசுங்காத தடித்த சுவருக்குள் காப்பாற்றிக்கொள்ளும் வழி இது. மெக்சிகோக் கடற்கரையில் வாழும் சேரி (Seri) என்ற பூர்வகுடி மக்கள் 1960களிலிருந்து இதைச் செதுக்கி மீனும் ஆமையும் பறவையும் செய்து விற்கிறார்கள். சவாரோவின் குஞ்சுகள் வெயிலுக்கும் குளிருக்கும் ஒதுங்கி வளர்வது பெரும்பாலும் அயர்ன்வுட், பாலோ வெர்டே போன்ற மரங்களின் நிழலில்தான். நூறு ஆண்டு கழித்து வளர்ந்த பிள்ளை தாதியைவிட உயரமாகிவிடுகிறது.

பீனிக்ஸ் வழியாகப் போகும்போது நண்பர் 2023 கோடையைப் பற்றிச் சொன்னார். தொடர்ந்து 31 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கவில்லை. இரவிலும் சூடு குறையவில்லை. சவாரோ இரவில்தான் தோல் துளைகளைத் திறந்து மூச்சுவிடும்; இரவு குளிரவில்லையென்றால் அதற்கு ஆசுவாசமே இல்லை. அந்தக் கோடையில் நகரத்தில் கைகள் முறிந்து விழுந்தன, சில முழுதாகவே சாய்ந்தன.

கொலராடோ ஆற்றைத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குள் நுழைந்ததும் சவாரோ ஏறத்தாழ நின்றுவிடுகிறது. ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குத் தெற்கு வாசலான காட்டன்வுட் வழியாகப் போவதுதான் நல்லது. அந்தப் பாதையில் தாழ்ந்த வெப்பப் பாலைவனத்திலிருந்து உயர்ந்த மொஹாவிக்கு மெல்ல ஏறலாம். முதலில் ஒகோட்டியோ. அடியிலிருந்தே பிரம்பு பிரம்பாக எழும் முள்தண்டுகள். மழை பெய்தால் இரண்டு மூன்று நாளில் இலை விட்டு, காய்ந்ததும் உதிர்த்துவிடும். வெட்டி வரிசையாக நட்டால் வேர்பிடித்து உயிர்வேலியாகும். அடுத்து டெடி பியர் சோய்யா என்னும் கள்ளிக்கூட்டம். தூரத்தில் பஞ்சு மாதிரி பளபளக்கும். கிட்டே போனால் முள் கொக்கியாகக் குத்தி, துண்டே கழன்று நம் மேல் ஒட்டிக்கொள்ளும்.

சோய்யா செத்த பிறகு மிஞ்சும் எலும்பை இந்தப் பக்கத்துக் கடைகளில் கைத்தடியாக விற்கிறார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே வெற்றுக்குழல். சுவர் முழுக்கச் சாய்வான கண்கள், ஒன்றுவிட்டு ஒன்று சுருள்வரிசையில். ஒவ்வொரு கண்ணும், தண்டின் மேலிருந்த ஒரு முள்முடிச்சுக்குப் போன மென்திசு வழி. கட்டை அந்த வழிகளை அடைக்காமல் சுற்றி வளைந்து போயிருக்கிறது. விளிம்பில் நாரின் ஓட்டத்தை விரலால் தொடர முடிந்தது. அலங்கார மீன்தொட்டிக்குள் போடவும் இதை வாங்குகிறார்கள். மீன்கள் கண் வழியே நுழைந்து விளையாடுமாம்.

சுமார் தொள்ளாயிரம் மீட்டர் உயரம் வந்ததும் ஜோஷுவா மரங்கள் தொடங்குகின்றன. இவற்றுக்கும் கேக்டஸ்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஜோஷுவா மரம் ஒருவித்திலைத் தாவரம். பனை, தென்னை, மூங்கில் எல்லாம் சேர்ந்த பெரும்பிரிவுக்கு உட்பட்டது. அந்தப் பிரிவுக்குக் கேம்பியமே கிடையாது. அதனால்தான் பனை, தண்டு உருவாகும்போது எந்தப் பருமனோ ஏறக்குறைய அதே பருமனில் கடைசிவரை நிற்கிறது. வைரம் வெளியே, சோறு உள்ளே. வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும், உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. தென்னையும் பனையும் அதன்படி புல்தான். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடுதான் சேர்க்கிறது என்பதால் அந்தப் பிரிவினையை நான் வெறும் இலக்கண விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. வெட்டிப் பார்த்தவன் சொன்ன சொல் அது.

ஆனால் அந்த அளவுகோலை இந்த வழி நெடுகப் பிடித்துக்கொண்டு வந்தால் திண்டாட்டம்தான். அயர்ன்வுட் சந்தேகமில்லாமல் மரம். சவாரோவுக்கும் சோய்யாவுக்கும் வெளியேயும் சதை, உள்ளேயும் சதை, வைரம் நடுவில். ஜோஷுவா மரமோ புல்லாகப் பிறந்தும் பருக்கிறது. முதல் தண்டு உருவான பிறகு, அதன் வெளிப்புறத் திசுவில் புதிதாக ஒரு வளரடுக்கைத் தானே ஏற்படுத்திக்கொள்கிறது. வேம்பின் கேம்பியம்போல உள்ளே கட்டை, வெளியே பட்டை என்று அது பிரித்துப் போடுவதில்லை. நீர்க்குழலும் உணவுக்குழலும் சேர்ந்த முழுக் கற்றைகளையே ஒவ்வொன்றாக உள்பக்கம் செருகிக்கொண்டு போகிறது. நம் அபார்ட்மென்ட் பால்கனிகளில் தொட்டியில் நிற்கும் டிராசீனாவும் இதே வித்தைக்காரிதான். விழுந்து கிடந்த ஒரு ஜோஷுவா தண்டின் முறிந்த முனையில் வளையம் தேடினால் கிடைப்பது புள்ளிகள். வெளியே நெருக்கமாக, உள்ளே செல்லச்செல்ல இடைவெளி விட்டு. பிய்த்தால் கயிறு கயிறாக நார் வந்தது. தண்டு இரண்டாகப் பிரிவதற்கும் ஒழுங்கு இல்லை. நுனியில் பூத்தாலோ, ஒரு வகை வண்டு நுனியைத் துளைத்தாலோதான் பிரிகிறது. ஆகவே ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு தினுசு. உயரத்தை வைத்து வயதை ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

பைன்போல ஆண்டாண்டாகத் தடித்துச் சூட்டைத் தாங்கும் பட்டை இதற்கு இல்லை. தண்டைச் சுற்றிக் காய்ந்த இலைகள் வேறு பாவாடையாகத் தொங்கும். 2020 ஆகஸ்டில் இங்கிருந்து வடகிழக்கே, மொஹாவி தேசியக் காப்பகத்தின் சீமா பகுதியில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. 43,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. செத்த ஜோஷுவா மரங்கள் சுமார் 13 லட்சம் என்று மதிப்பிட்டார்கள்.

இந்தப் பயணத்தில் கடைசியாகப் பார்த்தது யாரும் நின்று பார்க்காத செடி. டூசனிலிருந்து இங்குவரை சாலையின் இருபுறமும் கூடவே வந்துகொண்டிருந்த கிரியோசோட் புதர். மழை பெய்தால் இந்தப் பாலைவனத்தில் எழும் வாசம் இதன் இலைப்பிசினுடையது. இளம் புதரில் கட்டை ஒழுங்காக உருவாகும். வயதாக ஆக அடிக்கட்டை உள்ளிருந்தே பிளந்து, பாகம் பிரிகிறது. ஒவ்வொரு பாகமும் தனி வேரும் தண்டுமாக வெளிநோக்கி நகர்கிறது; நடுவில் இருந்தது மக்கிப்போகிறது. பல நூற்றாண்டுகளில் ஒரே செடி ஒரு வட்டமாகிவிடும். பூங்காவுக்கு வடமேற்கே லூசெர்ன் பள்ளத்தாக்கில் கிங் க்ளோன் என்று பெயரிட்ட வட்டம் ஒன்று இருக்கிறது. நீளவாக்கில் இருபது மீட்டர். ஃபிராங்க் வாசெக் என்ற தாவரவியலாளர் 1980-ல் கணக்கிட்டுச் சொன்ன வயது 11,700 ஆண்டுகள். இப்போது நிற்கும் தண்டுகளின் வளையங்களை எண்ணி ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தார். வட்டத்துக்குள் கிடைத்த பழைய மரத்துண்டுகளை ரேடியோகார்பன் முறையில் சோதித்து அந்த வேகத்தைச் சரிபார்த்துக்கொண்டார். முதல் விதையிலிருந்து வந்த கட்டையில் துளிகூட மிச்சமில்லை. வட்டத்தின் நடுவில் வெறும் மணல்.

நண்பர் சுற்றிச் சுற்றி வந்து படம் எடுத்தார். தரையில் நின்று எடுத்தால் வட்டமே விழவில்லை, நாலைந்து புதர்கள்தான் விழுந்தன. மேலிருந்து எடுத்தால்தான் தெரியும் என்று சொன்னேன். அவர் கார் மேல் ஏறிப் பார்த்தார். அந்த உயரமும் போதவில்லை.